நாலாவது வரிசையின் ஈரம்

போன வாரம் வாழை என்னிடம் ஒன்று சொன்னது. போன் வேறொன்று சொன்னது. நான் போனை நம்பினேன். நீங்களும் அதைத்தானே செய்திருப்பீர்கள்?

கொல்லயில் என்ற எங்கள் ஊரில் அண்ணன் வீடும் என் வீடும் அடுத்தடுத்து. அண்ணன் வளைகுடாவில். மயினி, அதாவது அண்ணன் மனைவி, நெய்யாற்றின்கரையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தென்னைகளுக்கு நடுவே ஓணத்துக்கு வெட்டுவதற்காக ஏத்தன், அதாவது நேந்திரன் வாழை வைத்திருக்கிறாள். போன வருஷம் கோடையில் பாதி வாழை வாடிச் சாய்ந்தது. "இந்தத் தடவையும் போச்சுண்ணா ரப்பர் வைக்கப் போறேன்" என்று நர்சரிக்காரரிடம் சொல்லியும் வைத்துவிட்டாள். அவளுக்கு அந்த வாழைகள்தான் உயிர். ரப்பர் என்று சொல்லும்போதே குரல் இறங்கியது.

அப்போதுதான் வந்தது சென்சார்! வரிசைக்கு ஒரு குச்சி. மண்ணில் குத்தி வைத்தால் ஈரத்தை அளந்து, வயர் இல்லாமலே மொட்டைமாடிப் பெட்டிக்கு அனுப்பும். பெட்டி போனுக்குச் சொல்லும். குச்சிக்குள் ஒரு குட்டி பேட்டரி, அதுவே வருஷக்கணக்கில் ஓடுமாம். எப்படி? முக்கால்வாசி நேரம் தூக்கம். இடையிடையே எழுந்து ஒரு வரி சொல்லும், திரும்பத் தூங்கிவிடும். எங்கள் அண்ணன் போன் பேசுவதும் அப்படித்தான்.

கிணற்றில் தண்ணீர் கொஞ்சம்தான். எந்த வரிசை காய்கிறதோ அதற்கு மட்டும் விட வேண்டும். மயினி டூட்டியில் இருந்தபடி போனைப் பார்த்துச் சொல்வாள், நான் ஓடிப்போய் பைப்பைத் திறப்பேன். என்ன ஒரு சந்தோஷம்! கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்ப்பது போலவே இருந்தது.

நாலாவது வரிசைக்கு மட்டும் அழைப்பே வரவில்லை.

இலைகள் மடங்கித் தொங்கின. போன் செய்தேன்.

"மயினி, நாலாவது வரி வாடுதே?"

"ஈரம் நல்லா உண்டுண்ணு காட்டுது மக்கா. வெள்ளம் வேண்டாமாக்கும்." எங்கள் பக்கத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர்.

இரண்டாம் முறை கேட்டபோதும் அதே பதில். மூன்றாம் முறை, "பேட்டரி போச்சோ?" என்றேன். "பேட்டரி நல்லாத்தான் இருக்கு. நீ ஒண்ணும் தொடாத, நான் வாறேன்" என்றாள். யூனிஃபார்மை மாற்றாமலே வந்து மண்வெட்டியை எடுத்தாள்.

தோண்டினோம். மண் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஆனால் குச்சி? கீழே தேங்காய்த் தொண்டுக்குள், அதாவது மட்டைக்குள், கச்சிதமாக நின்றுகொண்டிருந்தது!

எங்கள் ஊரில் கன்று வைக்க யார் குழி வெட்டினாலும் முதலில் உரித்த தேங்காய் மட்டையை அடுக்குவோம். ஈரத்தைப் பிடித்து வைக்குமே. நாங்களும் மழைக்காலத்தில் அந்த வரிசையில் புதைத்திருந்தோம். புதைத்ததையும் மறந்து, குச்சியையும் அங்கேயே குத்தியிருக்கிறோம். தொண்டுக்குள் ஈரம், சுற்றிலும் வறட்சி. குச்சி பொய் சொல்லவில்லை. சாப்பிட்டு ஏப்பம் விட்டவனிடம் போய் வீட்டில் எல்லோருக்கும் பசிக்கிறதா என்று கேட்டது நாங்கள்தான்.

"நாம ரெண்டு பேருமே மண்டூகங்க!" மயினி மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்கோ பயம். இத்தனை நாள் தண்ணீர் விடாமல் கொன்றுவிட்டோமோ?

குச்சியைப் பிடுங்கி வெறும் மண்ணில், வேர்ப்பக்கம் நட்டோம். வாழைக்குப் பக்கத்திலேயே நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். குச்சி தூங்குகிறது... இன்னும் தூங்குகிறது...

டிங்! நாலாவது வரிசை, மிக வறட்சி.

இருவரும் குதித்தோம். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். மயினி பைப்பைத் திறக்க ஓடினாள், நான் செருப்பைப் பக்கத்து வரிசைச் சேற்றில் விட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினேன்.

வாழை பிழைத்ததா? நேற்று நடுவில் ஒரு குருத்து, சுருட்டிய பச்சையாய் நிமிர்ந்து நின்றது. மயினி அதைத் தொட்டுப் பார்த்தாள். அங்கேயே நின்று நர்சரிக்காரருக்குப் போன் போட்டாள்.

"ரப்பர் வேண்டா சேட்டா. எனிக்கு வாழை உண்டு."