சால்வை முனையில் ஒரு முதலை

என் மாமாவின் வாயைக் கட்டியவர் கம்பஸிலிருந்து வந்த ஒரு விரிவுரையாளர்தான் என்று எட்டு வயதில் நான் உறுதியாக நம்பினேன். கேட்டிருந்தால் கற்பூரத்தில் கையடித்துச் சத்தியமே பண்ணியிருப்பேன்.

மாமா என் அம்மாவின் தமையன். ஊரவர்கள் இறால் பிடிக்க வாவிக்குள் இறங்குமுன் முதலைக்கு வாய் கட்டுவது அவர் வேலை. இடுப்பளவு தண்ணீரில் நின்று மந்திரத்தை முணுமுணுத்து, சால்வை முனையில் ஒரு முடிச்சுப் போடுவார். எல்லாரும் கரையேறியதும் அவிழ்க்கும் மந்திரத்தைச் சொல்லி முடிச்சை அவிழ்ப்பார். ஒருநாளும் மறந்ததில்லை. "அதுக்கும் பசிக்கும்தானே" என்பார்.

பழைய அறிவையெல்லாம் பதிந்து வைக்கிறேன் என்று விரிவுரையாளர் இரண்டு வருடம் எங்கள் வீட்டுக்கு நடந்தார். "சொன்னா முதல கம்பஸுக்கு வந்திரும் ஐயா" என்று மாமா தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார். ஒருநாள் திடீரென்று அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். முற்றத்தில் கதிரை போட்டு, டேப் சுழல, கட்டும் மந்திரத்தை முழுதாகச் சொன்னார். கை பழக்கத்தில் முடிச்சும் போட்டது. அவிழ்க்கும் மந்திரத்துக்கு வாயெடுத்தார், இருமல் விடவில்லை.

"மிச்சத்த நாளைக்குச் சொல்லுறன் ஐயா."

மறுநாள் விரிவுரையாளர் புதுக் கசெட்டோடு வந்தார். மாமாவின் குரல் கரகரத்தது, சொல் பிரியவில்லை. ஒரு மாதத்தில் அடைத்தே போயிற்று. இன்றைக்கும் அந்தப் பதிவில் கட்டு மட்டும்தான் இருக்கிறது. பிறகு இருமல்.

என் மண்டை வேலை செய்தது. முற்றத்தில் முதலை இல்லை. வந்த கட்டு சும்மா திரும்பிப் போகுமா? கிட்ட இருந்த வாயைப் பிடித்துக்கொண்டது. அடுத்தது என்னுடையது! பயத்தில் இரண்டு நாள் வாயை மூடாமலே திரிந்தேன். ஈ போனதுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் கொடியில் கிடந்த சால்வையை எடுத்து, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். துணி கிழிந்தது. பாயில் கிடந்த மாமாவிடம் ஓடினேன்.

"மாமா! அவுத்திட்டன்! இப்ப கதையுங்க!"

மாமா சிரித்தார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. வாசலில் நின்ற அம்மா என்னைப் பார்த்து, "என்ர மனே" என்று விம்மினாள். சால்வைக்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து, "வேற வாங்குவம்மா" என்று ஆறுதலும் சொன்னேன்.

மாமா அந்த மாரிகாலம் முடியுமுன் போய்விட்டார். தொண்டையில் புற்றுநோய். மட்டக்களப்பு ஆசுபத்திரியில் அதைச் சொன்ன மறுநாள்தான் அவர் விரிவுரையாளருக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்.