மலையேறிக் கொடுத்த சம்மதம்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். புனேவில் வேலை கிடைத்த மகனுக்குச் சரி என்று சொல்ல மனம் வராமல், அவசர ஜோலி என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, செல்போன் எட்டாத கல்வராயன் மலையில் மூன்று நாட்களாக ஒளிந்திருந்துவிட்டு இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

பிரேக் சூடாகிவிட்டது என்று ஓட்டுநர் பேருந்தை வளைவில் நிறுத்துகிறார். புளி மூட்டையோடு வந்த அம்மாள் என்னருகே நின்று, தூரத்துச் சமவெளியில் ஒரு வெள்ளைக் கட்டடத்தைக் காட்டுகிறார்.

"அதாங்க எம்பொண்ணு நர்சுக்குப் படிக்கிற காலேஜு."

"தனியா அனுப்பிட்டு பயமா இல்லையாம்மா?"

"மொதல்ல பயந்தாங்க. சந்தைக்குப் போறப்பல்லாம் அதையே பார்த்துக்கினு நிப்பேன். இப்ப பழகிப்போச்சு. அதுக்கு அப்பால இன்னா ஊருங்க?"

"உளுந்தூர்பேட்டை. அப்புறம் விழுப்புரம். கடைசியில கடல்."

"கடலுக்கு அந்தாண்ட?"

என் பூகோளம் தடுமாறுகிறது. அவர் விடுவதாக இல்லை.

"அங்க வேலை கிடைச்சாலும் போவாளாம். அதான் கேட்டு வச்சிக்கிறேன்."

செல்போனில் சிக்னல் வந்திருக்கிறது. மகனை அழைத்து, "தைரியமாப் போய் வாப்பா, எனக்குச் சம்மதம்" என்கிறேன்.

"நான் புனே வந்து ரெண்டு நாளாச்சுப்பா" என்கிறான். "நீங்க சரின்னு சொல்லிட்டதா அம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்களே."