சிக்னலுக்கு முன்னால் இறங்கியவர்கள்

எங்களுக்கு ஊர் கோலார் தங்கவயல். அங்கிருந்து பெங்களூருக்கு விடிகாலையில் புறப்படும் வண்டியில் ஆறு வருஷம் வேலைக்குப் போய்வந்தேன். அடுகோடியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. எட்டரைக்கு ஷிப்ட் தொடங்கும். அதற்காக நான்கு மணிக்கு எழுந்து, சமைத்து மூடிவைத்துவிட்டு, இருட்டோடு ஸ்டேஷனுக்கு நடப்பேன். மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். சீசன் பாஸ் மலிவு. பெங்களூரில் ஒரு வீட்டுக்குக் கொடுக்கும் வாடகையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அந்த மலிவை நம்பித்தான் எங்கள் ஊரில் பாதிப் பேர் வண்டி ஏறினோம்.

எனக்கு முந்தைய ஸ்டேஷனில் ஏறும் ஒரு அக்கா எனக்கும் சேர்த்து இடம் போட்டுவைப்பார். கன்டோன்மென்ட் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். ஐம்பத்துநான்கு வயது. மாலூர் வரும்வரை ஜெபமாலை உருட்டுவார், அதற்குப் பிறகு என்னைக் கேலி செய்வார். என் பிரசவத்துக்கு அப்புறம் நான் நின்றுகொண்டே தூங்கிய நாட்களில் தன் தோளைக் கொடுத்தவர். சொந்தக்காரர் இல்லை. வண்டியில் கிடைத்த உறவு.

இது நடந்த மாதம் வண்டி இரண்டு முறை தாமதமாகி, இரண்டு முறையும் நான் ஒன்பதுக்குப் பிறகு போய்ச் சேர்ந்தேன். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "இன்னொரு தடவை லேட் ஆனா மார்னிங் ஷிப்ட் வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்மா. நீங்க ரெண்டு மணிக்கு வாங்க." இரண்டு மணி ஷிப்ட் முடிய ஒன்பதாகும். அதற்குள் ஊருக்குக் கடைசி வண்டி போயிருக்கும். வேலையை விட்டு நில் என்று சொல்வதும் அதுவும் எனக்கு ஒன்றுதான்.

அதற்கு அடுத்த வாரம் ஒருநாள், பெங்களூர் ஓரத்தில் கே.ஆர்.புரம் தாண்டியதும் வண்டி நின்றது. மணி ஏழே முக்கால். சிக்னல் விழவில்லை. ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து ஆயிற்று. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. நான் ஃபோனை எடுத்து மணி பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

"அதையே பார்த்தா மணி நிக்குமா? உட்காருடி," என்றார் அக்கா.

பதினைந்து நிமிஷத்தில் ஆண்கள் குதித்து இறங்கத் தொடங்கினார்கள். தண்டவாளத்தை ஒட்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் ரோடு வரும், அங்கே ஆட்டோ கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். இப்போதே இறங்கினால் எட்டரைக்குப் போய்விடலாம். எழுந்து பையை மாட்டினேன்.

"பைத்தியமா உனக்கு? இப்போ விட்டுடுவான்."

"போன வாரமும் இதைத்தான் சொன்னீங்க, அக்கா. அன்னிக்கு முக்கால் மணி நேரம் நின்னுச்சு."

என் குரலில் எரிச்சல் இருந்தது. இன்றைக்கும் அது என் காதில் கேட்கிறது. அக்கா என்னையே பார்த்தார். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். "ஆம்பளைங்க எல்லாம் முன்னாடி போயிட்டாங்க. தண்டவாளத்துல தனியா போவியா நீ? நட, நானும் வர்றேன்."

அவருக்கு அவசரமே இல்லை. பள்ளிக்கூடம் ஸ்டேஷனுக்குப் பக்கம், நேரம் நிறைய இருந்தது. வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. துணைக்கு ஆள் கிடைத்ததே என்றிருந்தது.

ஒரு பக்கம் சாக்கடைப் பள்ளம். அதனால் மறுபக்கம், அடுத்த தண்டவாளத்தைப் பார்த்த வாசலில் இறங்கினோம். பிளாட்பாரம் இல்லாத இடத்தில் அந்தப் படி எவ்வளவு உயரம் என்பது இறங்கினால்தான் தெரியும். நான் கம்பியைப் பிடித்துத் தொங்கிக் குதித்தேன். அக்காவுக்குக் கை கொடுத்தேன். அவர் கால் ஜல்லியில் பட்டதும் கல் உருண்டது. என் கையிலிருந்து நழுவி, இரண்டு எட்டு தடுமாறி, அடுத்த தண்டவாளத்தின் மேலேயே விழுந்தார்.

"மாதாவே!" என்று ஒரே ஒரு சத்தம்.

எழுப்பப் பார்த்தேன். வலது காலை ஊன்ற முடியவில்லை. பாதம் திரும்பியிருந்த விதத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அப்போதுதான் ஹாரன் கேட்டது. பெங்களூருக்குள்ளிருந்து எதிரே வரும் வண்டி. தூரத்தில் விளக்கு தெரிந்தது. அவ்வளவு தூரத்தில் அது அசையாத மாதிரிதான் இருந்தது.

"என்னை விட்டுட்டு நகருடி!"

அக்காவின் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து இழுத்தேன். புடவை எதிலோ மாட்டிக்கொண்டது. எங்கள் வண்டியிலிருந்து பெண்கள் கூச்சல் போட்டார்கள். ஒருவராலும் இறங்க முடியவில்லை. எதிர்ப்பக்கம் தண்டவாள வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் "ட்ரைன் பர்த்தா இதே! ஈ கடெ பர்ரி!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார். வண்டி வருகிறது, இந்தப் பக்கம் வா என்கிறார். எப்படி வருவது? அவரே குறுக்கே பாய்ந்து, புடவையைக் கிழித்து, அக்காவின் இடுப்பைப் பிடித்தார். இருவரும் சேர்ந்து இழுத்ததில் மூன்று பேரும் அந்தப் பக்கப் புதரில் போய் விழுந்தோம். வண்டி கடந்தது. காற்றும் தூசியும் முகத்தில் அறைந்தன. எத்தனை பெட்டி என்று தெரியாது. நான் கண்ணைத் திறக்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது எங்கள் வண்டி நகரத் தொடங்கியிருந்தது. சிக்னல் விழுந்துவிட்டது. ஜன்னல் ஜன்னலாக முகங்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே போயின.

அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. அதைக் கிழித்து, என் துப்பட்டாவால் அக்காவின் காலைச் சேர்த்துக் கட்டினேன். கட்டு சரியாக விழுந்தது. அந்த மனிதர் ரோடுவரை தூக்கிவிட ஆள் கூப்பிடுவதாகக் கன்னடத்தில் சொன்னார்.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "நீ போ. உன் வேலை போயிடும். இவங்க பார்த்துப்பாங்க."

ஆட்டோ கூப்பிட்டுக்கொண்டு வருகிறேன் என்றேன். ரோட்டுக்கு ஓடினேன். ஆட்டோ கிடைத்தது. ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் எங்கே என்று கேட்டதும் என் வாயிலிருந்து வந்தது "அடுகோடி". அவர் வண்டியைக் கிளப்பினார். முதல் திருப்பம்வரை நான் பேசாமல் இருந்தேன். எட்டு இருபது. இப்போதும் ஒன்பதுக்குள் போய்விடலாம், போன பிறகு ஃபோன் செய்யலாம் என்று ஒரு மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. திருப்பத்தில் ஒரு பள்ளிக்கூட வேன் குறுக்கே நின்றது. அந்த அரை நிமிஷம் நிற்காமல் போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே நிச்சயமில்லை. "அண்ணா, திருப்புங்க," என்றேன்.

அக்காவை ஏற்றிக்கொண்டு எங்கள் சென்டருக்கே போனேன். ஒன்பதே கால். வரவேற்பில் நோயாளிகள் காத்திருந்தார்கள், மேனேஜர் என் இடத்தில் நின்றிருந்தார். அக்காவைப் பார்த்ததும் வீல்சேர் தள்ளிவந்தார்.

எக்ஸ்ரேயை நான்தான் எடுத்தேன். "கொஞ்சம் திருப்புறேன்க்கா, பொறுத்துக்குங்க," என்று ஆயிரம் பேருக்குச் சொன்னதையே சொன்னேன். திரையில் படம் வந்தது. கணுக்காலின் இரண்டு பக்கமும் உடைந்து, மூட்டு இடம் விலகியிருந்தது. படத்தைப் பற்றி நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். நான் திறக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மத்தியானம் அவர் கணவர் வந்தார். ஆபரேஷன் நடந்தது, பிளேட் வைத்தார்கள். அக்கா கோல் ஊன்றி நடக்க ஐந்து மாதம் ஆயிற்று. வண்டிப் படி ஏற முடியவில்லை. பள்ளியில் அந்த வகுப்பை வேறு டீச்சருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஓய்வு பெற நான்கு வருஷம் பாக்கி இருந்தது.

மேனேஜர் அந்த ஒரு நாளை மன்னித்தார். ஆனால் நான்தான் அதற்குப் பிறகு அந்த வண்டியில் ஏற முடியாதவளாகிவிட்டேன். கே.ஆர்.புரம் தாண்டி வேகம் குறைந்தாலே உள்ளங்கை வேர்த்துவிடும். மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். பிறகு பெங்களூரிலேயே ஈஜிபுராவில், மூன்றாவது மாடியில், ஒன்றரை அறை பார்த்துக் குடிவந்தோம். கணவர் ஊரில் பார்த்த வேலையை விட்டார். மகளைப் பள்ளி மாற்றினோம். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்.

போன ஈஸ்டருக்கு ஊருக்குப் போனபோது அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் கதவைத் திறந்து, என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அக்கா விழுந்த நாளிலிருந்து அவர் என்னிடம் பேசுவதில்லை. அக்கா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

அந்த ஆட்டோவைப் பற்றி அன்றைக்குத்தான் சொன்னேன். அடுகோடி என்று சொன்னதை, திருப்பம்வரை பேசாமல் இருந்ததை, எல்லாவற்றையும். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"ஆட்டோ சத்தம் தூரமா போனதை நான் கேட்டேன்," என்றார் அக்கா.

"கோபமாக்கா?"

"இல்லைன்னு சொன்னா பொய். வர வேண்டாம்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் உட்கார்ந்திருப்பேன். அதை நினைச்சாதான் ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது. ஆட்டோ எல்லாம் பரவாயில்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கோலை எடுத்து ஊன்றி, மெதுவாக எழுந்தார். பிடிக்கப் போனேன்.

"விடு, நானே நடக்கணும்," என்று சமையலறைப் பக்கம் போனார். வாசலில் நின்று, திரும்பாமலே கேட்டார்: "டீக்கு சர்க்கரை போடணுமா? இப்போ விட்டுட்டியா?"

"போடுங்கக்கா," என்றேன்.