துளை அடைத்த பெட்டி

பெட்டி என் மேசையில் இருக்கிறது. நாலு தீப்பெட்டியை அடுக்கினால் வரும் அளவு. ஒரு பக்கம் பிளந்து, உள்ளே கருகிய சேர்க்கிட் போட் தெரிகிறது. மூடியில் நான் துளைத்த ஆறு சிறு துளைகளும், பிறகு நானே அவற்றை அடைத்த ரெசினும் அப்படியே இருக்கின்றன. துளைத்தவனும் நான், அடைத்தவனும் நான். இரண்டு வருடமாக அதை வாய் திறந்து சொல்லாமல் இருந்தவனும் நானேதான்.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், கடலோடு சேர்கிற எங்கள் உப்புநீர் வாவியில் மீன் பிடித்தவர். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அவரும் அம்மா அக்காவுக்குச் சீதனமாக எழுதிய வீட்டுக்கு அப்படித்தான் வந்தார். அந்த வீட்டில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் சிகரட். அக்காவுக்கோ இழுப்பு. புகை பட்டால் மூச்சு விடத் தவித்துப் போவாள். பிள்ளையார் கோயிலில் சூடம் கொளுத்திச் சத்தியமெல்லாம் பண்ணிப் பார்த்தார், நாலு நாள் தாங்கவில்லை. “என்னால ஏலாது மச்சான்” என்று என் கடை வாசலில் வந்து நின்றார்.

எனக்குக் கைத்தொலைபேசி திருத்தும் கடை. சிகரட்டுக்குப் பதிலாக ஆவி இழுக்கிற பற்றரிக் கருவி, ‘வேப்’ என்பார்கள், நல்லதொன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் எனக்குத்தான் தலைக்கனமாயிற்றே! சக்தியைக் கூட்டிக் குறைக்கும் சேர்க்கிட் போட் ஒன்றை இணையத்தில் தருவித்து, பழைய லப்டொப்பில் கழற்றிய பற்றரிகளோடு இணைத்து, பிளாஸ்டிக் பெட்டியொன்றில் அடக்கி, நானே ஒன்று செய்தேன். அத்தான் இரண்டு பொத்தான்களையும் மாறி மாறி அழுத்தி, சின்னத் திரையில் எண் ஏறி இறங்குவதைப் பார்த்துச் சிரித்தார். “எட பாவி, என்ன மூளைடா உனக்கு!” அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவ்வளவும் செய்தேன் என்று இப்போது தெரிகிறது. சிகரட் நின்றது. அக்கா கண்டவர்களிடமெல்லாம் என் புகழ் பாடினாள், நானும் வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு கிழமை போயிருக்கும். “தோணிக்குள்ள தண்ணி தெறிக்குது மச்சான், இது தாங்குமா?” என்று கேட்டார். பைபர் தோணியின் ஓட்டை அடைக்கிற ரெசின் எங்கள் வீடுகளில் எப்போதும் ஒரு டப்பாவில் கிடக்கும். வாளி உடைந்தாலும் அதுதான், தண்ணீர்த் தொட்டி ஒழுகினாலும் அதுதான். நான் யோசிக்கவேயில்லை, கை தானாகப் போய் டப்பாவை எடுத்தது. உள்ளே சூடு பிடித்தால் வெளியேறட்டும் என்று நானே வைத்த ஆறு துளைகளையும் ஒன்று விடாமல் அடைத்தேன். “இனி வாவிக்குள்ள போட்டாலும் ஒண்டும் ஆகாது” என்று பெருமையாகச் சொல்லி அவர் கையில் கொடுத்தேன்.

சில நாட்கள் கழித்து, ஒரு காலையில் வலை இழுக்கும்போது இடுப்பில் கட்டிய சாரத்து மடியில் இருந்த பெட்டி கொதித்திருக்கிறது. எடுத்து வாவிக்குள் எறியக் கையை ஓங்கியிருக்கிறார். வலது கைக்குள்ளேயே வெடித்துவிட்டது. ஆசுபத்திரிக்கு நான் ஓடிப் போனபோது டொக்டர் விசாரித்துக்கொண்டிருந்தார், அக்கா அழுதுகொண்டு பக்கத்தில் நின்றாள். அத்தான் என்னை ஒருமுறை பார்த்தார். “தண்ணிக்குள்ள விழுத்திட்டன் ஐயா. நான்தான் கவனமில்லாம” என்றார். இப்படியொன்றைச் செய்து கொடுத்தவன் மாட்டிக்கொள்வானே என்று எனக்காகச் சொன்ன பொய் அது. நான் பேசாமலாவது இருந்திருக்கலாம். “ஓம் டொக்டர், உப்புத் தண்ணி பட்டா பற்றரி அப்பிடித்தான் வெடிக்கும்” என்றேன். என் தொழிலையே அந்தப் பொய்க்குச் சாட்சி ஆக்கினேன். சீ, நானும் ஒரு மனிசன்!

அவருடைய வலது கை விரல்கள் இப்போது மடங்குவதில்லை. வலை இழுக்க முடியாது. சந்தியில் உட்கார்ந்து மற்றவர்கள் பிடித்த மீனை விற்கிறார். சாப்பாடு இடது கையில் கரண்டி பிடித்துத்தான். மீனுக்கு முள் எடுத்துக் கொடுப்பது அக்கா. ஒவ்வொரு முள்ளோடும் ஒரு ஏச்சு. “கவனம் எண்டு ஒண்டு இருந்தாத்தானே! தம்பி பாவம், எவ்வளவு ஆசையாச் செஞ்சு குடுத்தவன்.” அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார். எதிரே உட்கார்ந்து அதே மீனை நானும் தின்பேன்.

போன கிழமை அலுமாரி துப்பரவு செய்த அக்கா இந்தப் பெட்டியை என் மடியில் போட்டாள். “இந்தச் சனியனைக் கொண்டுபோய் எறிடா. தண்ணிக்குள்ள போட்டுட்டுக் கையைக் கெடுத்துக்கிட்டாரு மனிசன்.” பெட்டியைப் புரட்டினேன். அடைத்த துளைகள் ஆறும் என்னைப் பார்த்தன. “அவர் போடல்லக்கா” என்றேன். பிறகு எல்லாம் சொன்னேன். அவள் என்னை அடிப்பாள், ஏசுவாள் என்றுதான் இருந்தேன். “இவருக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டாள். சாப்பிட உட்கார்ந்திருந்த அத்தான், “விடு புள்ள, நடந்தது நடந்துட்டு” என்றார். அவள் அவர் பக்கத்தில் போய் இருந்து மீனில் முள் எடுக்கத் தொடங்கினாள். முதல் தடவையாக ஏச்சில்லாமல். நான் எழும்பினால், “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ” என்பது அவள் வழமை. அன்று சொல்லவில்லை. நிமிர்ந்து பார்க்கவுமில்லை.

பெட்டியை நான் எறியவில்லை. இதை எழுதுவதற்கு முன் சின்ன ஸ்குரூடிரைவர் எடுத்து, ஒரு துளையையாவது திறந்து பார்ப்போம் என்று ரெசினைச் சுரண்டினேன். அசையவில்லை. நல்லாத்தான் அடைத்திருக்கிறேன்.