பீடத்தின் மேல் வைத்த பாய்லர்

அண்ணன் மூச்சு அடங்கும்போது தலைமாட்டில் அண்ணி இருந்தார். மகள் இருந்தாள். மருமகன் கால்மாட்டில் நின்றார். நான் கையைப் பிடித்திருந்தேன்.

அண்ணன் பிறந்தது அரவேணு. அப்பா சீக்கிரம் போய்விட்டதால் படிப்பை விட்டுத் தேயிலை பேக்டரியில் பாய்லரும் குழாயும் மாட்டும் பிட்டரானார். பிறகு என்னையும் அங்கே சேர்த்துவிட்டார். யாரையும் கடிந்து பேசமாட்டார்.

குன்னூரில் ஒரு பங்களாவின் அறைகளைச் சூடாக்க நீராவி பாய்லர் வைக்கக் கூப்பிட்டார்கள். இடம் நிலவறை. மழைக்காலத்தில் தரை கசியும். இந்த மலையில் எதையும் வெறுந்தரையில் வைக்கமாட்டோம். அண்ணனும் வழக்கப்படி ஒன்றரை அடிக்குச் செங்கல் பீடம் கட்டி பாய்லரை ஏற்றினார். பாய்லரில் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கும் மேலே ஓடும் குழாய்க்கும் இரண்டடியாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் ஆவியோடு கொதிநீரும் ஏறிக் குழாயை அறையும். பேக்டரியில் கூரை உயரம், அதை யோசிக்க வேண்டி வந்ததில்லை. இங்கே கூரை தாழ்வு. எட்டு அங்குலம்தான் கிடைத்தது.

பற்றவைத்ததும் குழாய் இடித்தது. சமையற்கார அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க பிட்டரே, உள்ளார ஆரைப் பூட்டி வெச்சீங்க? இந்த இடி இடிக்கறான்!"

"உங்க கொழம்பத் தின்னவனாத்தானுங்க இருக்கும்."

சிரித்துக்கொண்டே அண்ணன் குழாய் வளையும் முட்டியின் அருகே காதைக் கொண்டுபோனார். முட்டி வெடித்தது. ஆவி முகத்தில் அடித்தது. இரண்டு கண்ணும் போயின.

ஆஸ்பத்திரியில் கட்டோடு கிடந்தார். "தம்பி, பீடம் வெச்சது என்ற தப்புடா. அந்த ஊட்டுல இன்னொருத்தர் வேகக் கூடாது. ஒடச்சுப்போட்டு எறக்கி வெய்யி."

போய் உடைத்தேன். பாய்லரைத் தரையில் இறக்கினேன். கசிவு வடியச் சுற்றிலும் வாய்க்கால் வெட்டினேன். மேல் குழாய் இருந்த இடத்திலேயே இருந்தது.

அதன்பின் அண்ணி கொழுந்து பறித்துக் குடும்பத்தைத் தாங்கினார். ஒவ்வொரு பனிக்கும் அண்ணன் கேட்பார்: "அந்த ஊட்டுல சத்தம் வருதாடா?"

"இல்லீங்ணா."

நம்பினாரா தெரியாது. நான் செய்ததை அவர் பார்க்கவில்லை.

கடைசியில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தார். தண்ணீர் மட்டத்திலிருந்து மேல் குழாய் வரை ஒருமுறை அளந்து வரச் சொன்னார். போனேன். பாய்லர் எரிந்துகொண்டிருந்தது. சத்தம் இல்லை.

முட்டி வெடித்த அன்று அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய பங்களா டிரைவருக்கும், அண்ணி வேலைக்குப் போன நாளெல்லாம் அவருக்குச் சோறு போட்ட தோட்டத்து லைன் வீட்டாருக்கும், கடைசியில் சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அளந்து வந்ததை அவர் காதில் சொன்னேன். தலையை அசைத்தார்.

இருபத்தாறு அங்குலம்.