அண்ணன் மாட்டிய ஏர் ஹாரன்

நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று. சிவப்புச் சாயம் அடித்த இரண்டு குழல்கள். அண்ணனுடைய பிக்கப் வண்டியின் முன்னால் அவற்றை வைத்துப் பார்த்தபோது, சின்னப் பிள்ளை பெரியவர் செருப்பைப் போட்டுக்கொண்டதுபோல இருந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. கீழ்பென்னாத்தூரிலிருந்து வேர்க்கடலை மூட்டைகளைத் திருவண்ணாமலை மண்டிகளுக்கு ஏற்றி வருவது அண்ணனின் தொழில். நான் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன். கடை விடுமுறை என்றால் அவருடன் வண்டியில் போய்வருவேன்.

"அண்ணே, இது லாரிக்கு மாட்றது. இந்த வண்டிக்கு ரொம்ப ஜாஸ்தி" என்றார் மெக்கானிக்.

"ஜாஸ்தியாவே இருக்கட்டும். நீ மாட்டு."

பேனட்டுக்குள் காற்றடிக்கும் சிறு மோட்டாரைப் பொருத்தி, ரப்பர் குழாயைக் குழல்களில் செருகி, மெக்கானிக் பொத்தானை அழுத்தினார். எதிர் டீக்கடையில் ஒருவர் கிளாஸைக் கீழே போட்டுவிட்டார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். அண்ணன் குழல்களின் பக்கத்தில் குனிந்து நின்றுகொண்டு, "இன்னொரு வாட்டி அழுத்து" என்றார். அதற்குப் பிறகும் ஒரு வாட்டி அழுத்தச் சொன்னார். அப்புறம்தான் அவர் முகம் தெளிந்தது. ஆசைப்பட்ட பொருள் கிடைத்த மகிழ்ச்சி என்றுதான் நினைத்தேன்.

ஊரில் திட்டாதவர்கள் இல்லை. மாடுகள் மிரண்டன, தூளியில் குழந்தைகள் விழித்து அழுதன. "இன்னும் எளவட்டம்னு நெனப்பு இவருக்கு" என்று அண்ணி சலித்துக்கொள்வார். அண்ணன் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

ஒருநாள் மூட்டை ஏற்றித் திரும்பிக்கொண்டிருந்தோம். எதிரே மலை, மேகம் மூடி மங்கலாகத் தெரிந்தது. பின்னால் ஒரு பேருந்து முந்துவதற்காக விடாமல் ஹாரன் அடித்தது. அண்ணன் ஒதுங்குவார் என்றிருந்தேன். அவரோ ஒரு பள்ளத்தைத் தவிர்க்க வண்டியைச் சட்டென்று வலப்பக்கம் திருப்பினார். பேருந்து பிரேக் கிறீச்சிட மண்ணில் இறங்கி, புளியமரத்தை உரசுவதுபோல நின்றது. உள்ளே பெண்கள் அலறினார்கள். நல்லவேளையாக யாருக்கும் அடிபடவில்லை.

ஓட்டுநர் இறங்கி ஓடிவந்தார். "எவ்ளோ நேரமா அடிக்கிறேன்! காது செவுடாய்யா உனக்கு?"

அண்ணன் அவர் வாயையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னாடா சொல்றாரு?" என்று கேட்டார்.

பேருந்து போன பிறகும் அவர் வண்டியை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "பழைய ஹாரன் ரிப்பேருனு நெனச்சுத்தான்டா இத மாட்னேன். அது நல்லாத்தான் அடிச்சிருக்குது போல. எனக்குத்தான் கேக்கல" என்றார். அவர் குரல் தேவைக்கு மேல் உரக்க இருந்தது. சில மாதங்களாகவே அவர் அப்படித்தான் பேசிவந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது.

நரம்பு கெட்டுவிட்டது, இனிச் சரியாகாது என்றார் டாக்டர். அண்ணன் வண்டியை விற்றார். வாங்கிய கீழ்பென்னாத்தூர்க்காரர் ஹாரனைக் கழற்றவில்லை. தினமும் காலையில் எங்கள் வீட்டைத் தாண்டும்போது ஒரு முறை அழுத்திவிட்டுப் போவார். அண்ணன் அந்நேரம் பின்கட்டிலேயே இருப்பார். வேறொருவர் ஓட்டிப்போவதைப் பார்க்க அவருக்கு மனம் இல்லை. அண்ணிதான் போய் அவர் தோளைத் தொட்டுச் சாலைப்பக்கம் கையைக் காட்டுவார். "போச்சா?" என்பார் அண்ணன். அண்ணி தலையசைத்த பிறகே சாப்பிட வருவார்.

இப்போது அண்ணனும் இல்லை, அண்ணியும் இல்லை. அந்தச் சாலையில் ஓயாமல் எத்தனையோ ஹாரன்கள் அலறுகின்றன. எதற்கும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அவர்கள் இருந்த காலத்தில் ஒரு சமயம் சில நாட்களாக அந்த வண்டி வரவில்லை. மண்டியில் விசாரித்தேன். இன்ஜின் போய்விட்டதால் உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். அண்ணியிடம் சொன்னேன்.

"அவருகிட்ட சொல்லிடாத தம்பி" என்றார். "நான் தெனமும் வண்டி போவுதுன்னுதான் சொல்லினிருக்கேன்."

மறுநாள் காலையில் நான் வாசலில் நின்றிருந்தேன். சாலை வெறிச்சோடிக் கிடந்தது. அண்ணி பின்கட்டுக்குப் போய் அவர் தோளைத் தொட்டார்.

"போச்சா?"

"போச்சுங்க" என்றார் அண்ணி, உதடுகள் தெளிவாகத் தெரியும்படி.

அண்ணன் கை கழுவ எழுந்தார்.