ரத்தினத்தின் வசனத்துக்குக் காத்திருந்தவர்

சென்ற வியாழக்கிழமை பிற்பகல் கிள்ளானில் என் வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார். கைகால்கள் குச்சியாக இருந்தன. வயிறு மட்டும் உப்பியிருந்தது. யாரோ உதவி கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்து, "என்ன வேணும்?" என்றேன்.

"மாஸ்டர், நான்தான் ரத்தினம். பிரிக்பீல்ட்ஸ் ரத்தினம். ரயில் எஞ்சினுக்குக் கரி போடுற பயர்மேன்."

ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துப்போனவர், உயிரோடு திரும்பியிருந்தார். நான் உட்காரச் சொல்வதற்குள் அவரே சொன்னார்: "காதர் பாய் போயிட்டாரு மாஸ்டர். காய்ச்சலாம். மூணு வாரம் ஆச்சு. கடைக்குப் போனேன், பூட்டிக் கெடந்துச்சு. பக்கத்துக் கடையில சொன்னாங்க."

துணிக்கடை காதர் பாயை அறிந்தவர்கள் இதைப் படிக்கும்போது, இவன் ஏன் எழுதுகிறான் என்று கேட்பார்கள். நியாயம்தான். அவரும் நானும் பேசி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பேச்சை நிறுத்தியது நான். அவர் ஒருமுறை ஆள் மூலம் சட்டைக்கு இரண்டு கஜம் வெள்ளைத் துணி அனுப்பினார். ஊரே கோணியைத் தைத்து உடுத்திய காலம் அது. பிரிக்காமலே திருப்பி அனுப்பினேன்.

இருபது வயதில் நாடகம் படிக்க வேண்டும் என்றேன். அப்பா சட்டம் என்றார். கடைசியில் இரண்டும் இல்லாமல் சென்னையில் பி.ஏ. மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். நான் ஆசிரியராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பின்னால் சேர்ந்தவரைத் தலைமையாசிரியர் எனக்கு மேலே உட்கார வைத்தார். இவை எதையும் நான் மறக்கவில்லை. மறக்கும் உத்தேசமும் இல்லை. ஜப்பான்காரன் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு நான் விண்ணப்பித்திருந்த லண்டன் நாடகக் கல்லூரி ஒன்றிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. பட்டதாரிகளுக்கான இரண்டு ஆண்டு மேற்படிப்பு. போர் முடிந்ததும் வந்து சேரலாம், இடம் காத்திருக்கும் என்று எழுதியிருந்தார்கள். அப்போதே எனக்கு நாற்பது வயது. மனைவியிடம் கேட்டேன். "போறதுன்னா போங்க. போகாட்டியும் சரி. அதையும் என் தலையில கட்டாதீங்க" என்றாள்.

1943இல் பள்ளி விடுமுறையின்போது, போவதா வேண்டாமா என்று யோசிக்கவே கோலாலம்பூர் போனேன். கிள்ளானில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். பெரிய ஊரில் யாருமில்லாதவனாக நடக்கலாம். கார்கள் ஓடாத வீதிகளில் சைக்கிள் மணிகள் மட்டும் கேட்டன. ஊர் நடுவே இரண்டு ஆறுகள் கூடுகிற இடத்தில் நின்றால், முன்பெல்லாம் வண்டிச் சத்தத்தில் கேட்காத தண்ணீரின் ஓசை கேட்டது. கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். அதனால் இரவு எட்டு மணிக்கும் வெயில் இருந்தது. சாயங்காலம் முடியாமல் நீண்டுகொண்டே போனது. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் நடக்கும்போது லண்டன் ஏதோ இரண்டு ஸ்டேஷன் தள்ளி இருப்பதுபோலத் தோன்றும்.

தங்கியது பாயின் கடையில். அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர், நாடகங்கள் மூலம் பழக்கம். துணி வரத்து நின்றுபோய்க் கூரைவரை அலமாரிகள் காலியாக இருந்தன. ஒரு காலத்தில் வேட்டிக் கட்டுகள் இருந்த அகலமான தட்டு ஒன்றைத் துடைத்து எனக்குப் படுக்கையாகக் கொடுத்தார். "பி.ஏ. சரக்கு. கீழ்த்தட்டுல வைக்கப்படாது" என்று நாடகக்காரர்கள் எல்லோரும் கேட்கச் சொன்னார். மரத்தில் கஞ்சி போட்ட துணியின் வாசனை இன்னும் இருந்தது.

லண்டன் கடிதத்தைச் சட்டைக்குள் வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "இத வச்சிக்கிட்டா சுத்துறீங்க? ஜப்பான் சிப்பாய் கையில மாட்டினா தலை இருக்காது. மனப்பாடம் பண்ணிட்டு எரிச்சிடுங்க மாஸ்டர். நாங்கள்லாம் முப்பது பக்கம் மனப்பாடம் பண்ணலியா?" அப்படியே செய்தேன். அடுப்பில் போடுமுன் சரியாக வருகிறதா என்று பார்க்க, காலி அலமாரிகளுக்கு நடுவில் நின்று கடிதத்தை முழுதாகச் சொன்னேன். ஆங்கிலம் தெரியாத மனிதர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "நல்லாருக்கு. இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார்.

"போர் முடியட்டும், அப்புறம் யோசிக்கலாம்" என்றேன். "கப்பல் வந்தப்புறம் யோசிச்சா கப்பலப் பத்திதான் யோசிப்பீங்க. இப்பவே முடிவு பண்ணுங்க" என்றார். கடல் முழுதும் அடைபட்டிருந்த அந்த நாட்களில் நாங்கள் இருவரும் தினமும் என் பயணத்தைப் பேசினோம். குளிருக்கு என்ன போடுவது, அங்கே மரவள்ளிக்கிழங்கு கிடைக்குமா என்றெல்லாம் கேட்பார்.

மாலையில் கடையிலேயே ஒத்திகை. பாய் எழுதிய கல்யாணப் பேச்சு நாடகம்; சிரிப்பு நாடகம். பையனின் தகப்பனாக நடித்த ரத்தினத்தை அதற்கு முந்தின மாதம்தான் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பெண்ணின் தகப்பன், தச்சு வேலை செய்யும் கோவிந்தன். ரத்தினத்தின் முறை வந்ததும் எல்லோரும் பேசாமல் நின்றார்கள். அவர் வசனம் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம். பிறகு கோவிந்தன் வெற்றிடத்தைப் பார்த்து, "அது சரி சம்பந்தி, அதுக்கு ஏன் கத்துறீங்க?" என்றார். யாரும் கத்தவில்லை. ஆனாலும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாசல் வழியே வெயில் வந்து, ஆள் இல்லாத அந்த இடத்தில் விழுந்திருந்தது.

"அவர் வசனத்த நான் படிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம் மாஸ்டர்."

"ஒத்திகைக்கு யாராவது படிச்சுத்தானே ஆகணும்? உலகத்துல எங்கயும் இப்படிச் செய்யமாட்டாங்க."

"நீங்க படிச்சிட்டா அவன் வரவேண்டியதில்லன்னு ஆயிடும்" என்றார் பாய்.

அது பிடிவாதம், கலை அல்ல என்று நினைத்தேன். கடைசி நாளன்று எல்லோர் முன்னிலும் என் முடிவைச் சொன்னேன்: "நான் லண்டன் போகத்தான் போறேன். இங்க கத்துக்க ஒண்ணுமில்ல."

பாய் சிரித்தார். "மாஸ்டருக்கு லண்டன் வேணாம்லா. லண்டன் போகவிடலன்னு சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும். அப்பா போயிட்டாரு, எட்மாஸ்டர் பழசாயிட்டாரு. இப்ப ஜப்பான்காரன் கெடச்சிருக்கான்." கோவிந்தன் விழுந்து விழுந்து சிரித்தார். நான் பையை எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலில் கிள்ளான் திரும்பினேன். அவ்வளவுதான் எங்கள் நட்பு.

ரத்தினத்துக்கு மனைவி கஞ்சி கொடுத்தாள். குடித்துவிட்டு, "என் வேஷத்த யாரு கட்டினா?" என்று கேட்டார். யாரும் கட்டவில்லை, காத்திருந்தோம் என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன். கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே அந்த வசனத்தைச் சொல்ல ஆரம்பித்தார். குரல் எழும்பவில்லை. நான் அதை அதுவரை கேட்டதே இல்லை. ஆனால் எங்கே முடியும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. சரியாக அங்கே முடித்தார்.

இதை நான் எந்த வகுப்பில் கற்றிருப்பேன் என்று தெரியவில்லை. கற்க ஒன்றுமில்லை என்று நான் சொன்னது தவறு. பாயிடம் சொல்லியிருக்க வேண்டியதை, அவரை அறிந்த உங்களிடம் சொல்கிறேன்.

போர் முடிந்துவிட்டது. கப்பல்கள் மறுபடி வருகின்றன. அப்பா இல்லை, ஜப்பான்காரனும் இல்லை. தடுக்க ஒருவரும் மிச்சமில்லாத இந்த வாரம் எனக்குப் பயமாக இருந்தது. பாய் சொன்னது உண்மை என்பதால்தான் அத்தனை ஆத்திரம் வந்திருக்கிறது. நேற்று லண்டனுக்குப் பதில் எழுதித் தபாலில் சேர்த்தேன். வருகிறேன் என்று எழுதியிருக்கிறேன்.

அப்பாவின் மேலும் தலைமையாசிரியர் மேலும் நான் வைத்திருந்த கோபங்களால் எனக்கு ஒரு பயனும் இருந்ததில்லை. அவற்றை விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். காதர் பாய் மேல் உள்ள கோபத்தை மட்டும் விடுவதாக இல்லை. அவருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். என்னைக் கப்பல் ஏற்றும் அளவுக்குப் பலமான கோபத்தை வேறு யாரும் எனக்குத் தந்ததில்லை.